பீங்கான் வெனீர்: போட்டுக்கொள்ளலாமா, வேண்டாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். உங்களுக்கு வயது 28. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி. அதில் ஒரு பல்லின் ஓரம் சிறுவயதில் கீழே விழுந்தபோது உடைந்திருக்கிறது. பற்கள் மொத்தமாகவே கொஞ்சம் மஞ்சள். மேல்வரிசையில் எட்டுப் பற்களுக்குப் பீங்கான் வெனீர் போட்டால் எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடும் என்று மருத்துவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டில் சொல்கிறார்கள் என்பதையும் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். போட்டுக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், எட்டு வெனீருக்கு இப்போது சம்மதிக்காதீர்கள். வெனீர் மோசமான சிகிச்சை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சரியான ஆளுக்கு, சரியான பல்லில், பொறுமையாகச் செய்யப்பட்ட வெனீரைப் பார்த்தால் அது செயற்கை என்றே தெரியாது. ஆனால் அதற்கு விலையாகத் திரும்ப வளராத ஒன்றைக் கொடுக்கிறோம். அதுதான் எனாமல், பல்லின் கடினமான மேலடுக்கு. வெனீர் உங்களுக்குப் பொருந்துமா என்பதைப் பெரும்பாலும் உங்கள் எனாமலே தீர்மானிக்கிறது.

வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் தகடு. வழக்கமாக 0.3 முதல் 0.7 மி.மீ. தடிமன் இருக்கும். அந்தத் தகடு உட்கார இடம் வேண்டும் என்பதால் பல்லின் முன்பக்கத்தைக் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தேய்த்து எடுப்பார்கள். மேல் முன்பல்லின் எனாமல் கடிக்கும் விளிம்புப் பக்கம் சுமார் 1 மி.மீ. இருக்கும். ஈறை நெருங்க நெருங்க மெலிந்து, 0.3 அல்லது 0.4 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். ஆக, அரை மி.மீ. தேய்ப்பது என்பது காதுக்குத்தான் சின்ன அளவு. ஈறின் அருகே அது எனாமலைத் தாண்டி உள்ளே இருக்கும் டென்டினையே தொட்டுவிடலாம். எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே போய்விடுகின்றன. அதனால் ஒருமுறை எடுத்த எனாமலை உடம்பு மறுபடி கட்டித் தராது.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், வெனீர் நிற்பதே எனாமலின் தயவில்தான். 1930-களை ஒட்டிய காலத்தில் ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் நடிகர்களுக்கு இப்படிப்பட்ட மெல்லிய தகடுகளைச் செய்து கொடுத்தார். பல்செட் ஒட்டும் பொடியால் ஒட்டியவை அவை. படப்பிடிப்பு முடிந்ததும் கழற்ற வேண்டியதுதான். 1955-இல் மைக்கேல் புவோனோகோர், பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் தடவினால் அதன் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும், அவற்றில் பிசின் இறங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். 1980-களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்பக்கத்தையும் ஹைட்ரோபுளூரிக் அமிலத்தால் இதேபோல் சொரசொரப்பாக்கக் கற்றுக்கொண்டார்கள். அதன் பிறகுதான் நிரந்தர வெனீர் என்பது சாத்தியமானது. எனாமலில் இந்த ஒட்டு அபாரமாகப் பிடிக்கும். டென்டின் ஈரமானது, நுண்குழாய்கள் நிறைந்தது, எனாமலைவிட வளைந்து கொடுப்பது. அங்கே ஒட்டு அவ்வளவு நம்பகமானதல்ல, காலப்போக்கில் பலவீனமும் அடையும். தரையில் பதித்த டைல்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் சிமெண்ட் முழுவதும் பரவியிருந்தால் எவ்வளவு பாரம் வைத்தாலும் தாங்கும், அடியில் காலியிடம் இருந்தால் கால் பட்டே விரிசல் விடும். வெனீரும் அப்படித்தான். தனியாகக் கையில் எடுத்தால் நொறுங்கக்கூடிய தகடு அது. அதன் பலம் முழுக்க அடியிலிருக்கும் எனாமலிலிருந்து வருகிறது.

எனாமலில் ஒட்டப்பட்ட வெனீர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், பத்து ஆண்டுகள் கழித்தும் பத்தில் ஒன்பதுக்கு மேல் நல்லபடியாக இருந்திருக்கின்றன. பெரும்பகுதி டென்டினில் ஒட்டியவை, பல் கடிப்பவர்களின் வாயில் இருந்தவை ஆகியவற்றில் உடைவதும் கழன்று விழுவதும் கணிசமாக அதிகம். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் அதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். தூக்கத்தில் பல் கடிக்கும்போது தாடைத் தசைகள் சாப்பிடும்போது இருப்பதைவிடப் பலமாகவும், வெகுநேரமும் இறுகும். மெல்லும்போது பல்லும் பல்லும் விட்டுவிட்டுத்தான் தொடும், தூக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பீங்கான் நேராக விழும் அழுத்தத்தைத் தாங்கும், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. பற்கடி பக்கவாட்டில்தான் நடக்கிறது. விளிம்பு சிராய் சிராயாகப் பெயரும், அல்லது ஒருநாள் காலை ஒரு துண்டு தலையணையில் கிடக்கும். பீங்கான் தப்பித்தால் எதிரே இருக்கும் கீழ்ப்பல் தேயலாம், பீங்கானின் மினுமினுப்பு போய்ச் சொரசொரப்பானால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

பற்கடி எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை ஓரளவு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முன்பற்களின் விளிம்பு வெட்டியது போலத் தட்டையாக இருக்கிறதா? கோரைப்பல்லின் கூர்முனை மழுங்கியிருக்கிறதா? காலையில் எழும்போது தாடையோ கன்னப்பொட்டோ வலிக்கிறதா? நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம் தெரிகிறதா? இவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள், வாயைத் திறந்து காட்டுங்கள். லேசான பற்கடி என்றால் வெனீர் போடவே கூடாது என்றில்லை. இரவில் நைட் கார்டு (பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு உறை) தவறாமல் போடுவேன் என்று உறுதியாக இருப்பவருக்கு, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதத்தை நன்றாகச் சரிபார்த்துச் செய்யலாம். ஆனால் வரிசையை மாற்றிவிடாதீர்கள். முதலில் நைட் கார்டு, சில மாதம் அதைப் போட்டுப் பழகுவது, அப்புறம்தான் வெனீரைப் பற்றிய பேச்சு. நைட் கார்டைப் போட முடியவில்லை, தூக்கத்தில் கழற்றி எறிந்துவிடுகிறேன் என்றால் அதுவே உங்களுக்கான பதில். இன்னொன்றும் உண்டு. பலத்த குறட்டையும் பகலில் தூக்கக் கலக்கமும் சேர்ந்து இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்சினை இருக்கிறதா என்று பொது மருத்துவரிடம் பாருங்கள். பற்கடி அதோடு சேர்ந்து வருவதுண்டு.

நகம் கடிப்பது, பேனாவைக் கடிப்பது, பல்லால் பாட்டில் மூடியைத் திறப்பது எல்லாமே பற்கடியைப் போல வெனீருக்கு ஆபத்துதான். மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் விளிம்போடு விளிம்பு முட்டும் கடி அமைப்பு இருந்தாலும் சரி, மேல்பற்கள் கீழ்ப்பற்களை முழுக்க மறைக்கும் ஆழமான கடி இருந்தாலும் சரி, வெனீருக்குக் கூடுதல் ஆபத்து. அதை முதலில் கிளிப் போட்டுச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம்.

அடுத்து நிறம். மஞ்சளுக்காக மட்டும் வெனீர் போடுவது எனக்கு உடன்பாடே இல்லாத விஷயம். பல் மஞ்சளாக இருப்பதற்கு மேலே படிந்த கறை காரணமாக இருக்கலாம், அது கிளீனிங்கிலேயே போய்விடும். இயல்பான மஞ்சள் என்றால் பிளீச்சிங் நன்றாகவே வேலை செய்யும். உங்கள் பல் அளவுக்குச் செய்த டிரேயில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை ஊற்றி இரவில் போட்டுக்கொண்டால், இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வரும். கூச்சம் வரலாம், அது தற்காலிகம். எனாமலை அறுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: பிளீச்சிங் முடிந்த உடனே பல்லில் எதையும் ஒட்டக் கூடாது. பல்லுக்குள் தங்கியிருக்கும் ஆக்சிஜன் ஒட்டுப் பிசினைச் சரியாக இறுகவிடாது. இரண்டு வாரமாவது காத்திருக்க வேண்டும். நிறமும் அதற்குள்தான் ஒரு நிலைக்கு வரும்.

வெனீர் போட்ட பிறகு பிளீச்சிங் பீங்கானின் நிறத்தை மாற்றாது என்பதையும் யோசியுங்கள். பக்கத்துப் பற்களும் கீழ்வரிசையும் வயதாக ஆக மங்கும், வெனீர் அப்படியே இருக்கும். பளீர் வெள்ளையாக எட்டு மட்டும் தனித்துத் தெரிவதற்கு இதுதான் காரணம். அதனால் எத்தனை வெனீர் என்று முடிவு செய்வதற்கு முன்பே பிளீச்சிங்கை முடித்துவிட வேண்டும், பின்னால் அல்ல.

சாம்பலும் நீலமும் கலந்த கறை வேறு கதை. குழந்தைப் பருவத்தில் எடுத்த டெட்ராசைக்ளின் மருந்தால் வருவது அது. பிளீச்சிங் மாதக்கணக்கில் செய்தாலும் முழுதாகப் போகாமல் இருக்கலாம். புளோரைடு அளவுக்கு மீறிச் சேர்ந்ததால் வரும் கடுமையான புளோரோசிஸில் எனாமலே பழுப்பேறிக் குழி விழுந்திருக்கும். இங்கெல்லாம் வெனீர் நியாயமான தேர்வு. லேசான வெள்ளைத் திட்டு என்றால் எனாமலின் மேற்பரப்பை மட்டும் மெருகேற்றும் முறையும், திட்டுக்குள் பிசினை ஊறவைக்கும் முறையும் இருக்கின்றன, முதலில் அவற்றைக் கேளுங்கள். ரொம்பக் கறுத்த பல்லுக்கு ஒரு சிக்கல் உண்டு: வெனீர் ஒளி ஊடுருவும் மெல்லிய தகடு, அடியிலுள்ள கறுப்பு வெளியே தெரியும். மறைக்கத் தடிமனான பீங்கான் வேண்டும், தடிமனுக்கு இன்னும் ஆழமாகத் தேய்க்க வேண்டும், அதில் எனாமல் போகும்.

உடைந்த ஓரத்துக்கு வருவோம். சிறுவயதில் அடிபட்ட பல்லை முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், உள்ளே நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அடிபட்ட பல் எந்த வலியும் இல்லாமல் பல வருடம் கழித்து உள்ளுக்குள் செத்துப்போவது உண்டு. அப்படி ஒரு பல்லின் மேல் வெனீரை ஒட்டிவிட்டு ரூட் கெனாலுக்காக மறுபடி துளைபோடும் நிலை வரக் கூடாது. நரம்பு நலமாக இருக்கிறது என்றால், அந்த ஓரத்தைக் கம்போசிட் என்ற பல் நிறப் பிசினால் ஒரே அமர்வில் கட்டிவிடலாம். நடு இடைவெளியையும் இரண்டு பற்களின் உட்புற ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சம் கம்போசிட் சேர்த்து மூடிவிடலாம். பெரும்பாலும் பல்லைத் தேய்க்கவே வேண்டியதில்லை. கம்போசிட் பீங்கானைவிடச் சீக்கிரம் கறை பிடிக்கும், பளபளப்பு குறையும், சில வருடத்துக்கு ஒருமுறை மெருகேற்றவோ மாற்றவோ வேண்டும். எல்லாம் உண்மைதான். ஆனால் உடைந்தால் அதே இடத்தில் ஒட்டுப்போடலாம். பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம், கீழே உங்கள் பல் முழுசாக இருக்கும். 28 வயதில் இது பெரிய சொத்து.

அந்த இடைவெளி சிறுவயதிலிருந்தே இருப்பதா, அல்லது சமீபத்தில் விரிந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. சமீபத்தில் வந்தது என்றால் கவனம் தேவை. ஈறு நோயில் எலும்பு கரைந்து பற்கள் நகர்வதாலும் இப்படி இடைவெளி விழும். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா என்று பாருங்கள். ஈறில் நோய் இருக்கும்போது வெனீருக்கு அளவெடுப்பதே தவறு. வீங்கிய ஈறு சிகிச்சைக்குப் பிறகு வற்றி மேலேறும், வெனீரின் ஓரம் கோடாக வெளியே தெரியும். ஒட்டும் நேரத்தில் ரத்தம் கசிந்தால் ஒட்டும் கெடும். சொத்தைகளையும் முன்பே முடித்துவிட வேண்டும். நெஞ்செரிச்சலால் அமிலம் வாய்வரை வந்து பல் கரைந்திருந்தால் அந்த அமிலத்தை நிறுத்தாமல் வெனீர் போடுவதில் அர்த்தமில்லை, அது வெனீரின் ஓரத்தில் மிச்சமிருக்கும் பல்லைத் தொடர்ந்து கரைக்கும். பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கமாக இருப்பவர்கள், நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காக வெனீர் கேட்பதும் சரியல்ல. நீட்டிக்கொண்டிருக்கும் பல்லை நேராக்க நிறையத் தேய்க்க வேண்டிவரும். கிளிப்போ அலைனரோ (பல்லை மெல்ல நகர்த்தும், கழற்றி மாட்டக்கூடிய உறை) கொஞ்சம் மாதங்கள் எடுத்துக்கொள்ளும், பல்லை அப்படியே வைத்திருக்கும்.

சரி, அப்படியானால் வெனீர் யாருக்குத்தான்? எனாமல் பெரும்பாலும் முழுசாக இருந்து, வடிவம் மட்டும் சரியில்லாத பற்களுக்கு இது பிரமாதமான சிகிச்சை. முன்பற்களை அடுத்த பல் ஆணிபோலச் சின்னதாக முளைத்தவர்கள் இதற்கு நல்ல உதாரணம், அங்கே தேய்க்க வேண்டியதே மிகக் குறைவு. எனாமல் பிறவியிலேயே சரியாக உருவாகாமல் நிறத்திட்டும் குழியுமாக இருப்பவர்களிலும், ஒட்டுவதற்கு அடியில் போதுமான எனாமல் மிச்சமிருந்தால் செய்யலாம். முன்பற்களில் பழைய கம்போசிட் திரும்பத் திரும்பக் கறைபிடித்து அலுத்துப்போனவர்களும், பிளீச்சிங்குக்கு அசையாத கறை உள்ளவர்களும் இதில் வருவார்கள். வயது 18-ஐத் தாண்டியிருக்க வேண்டும் என்பேன். அதற்கு முன்பு ஈறின் நிலை இன்னும் மாறிக்கொண்டிருக்கும், பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் அறையும் பெரியது, தேய்க்கும்போது நெருங்கிவிடும் ஆபத்து அதிகம்.

இன்னொரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். வெனீர் என்று பேசிவிட்டுக் கடைசியில் கேப் போட்டு அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. பல்லைச் சுற்றிலும் செதுக்கிக் கட்டையாக்கிவிட்டு மேலே உறை போட்டால் அது வெனீர் அல்ல, கிரவுன். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், வெளியே தெரியும் பல்லின் எடையில் வெனீருக்காக 3 முதல் 30 சதவீதமும் முழுக் கிரவுனுக்காக 63 முதல் 72 சதவீதமும் எடுக்கப்படுவதாக அளந்து காட்டினார்கள். ஆரோக்கியமான இளம் பல்லில் அவ்வளவு எடுத்தால் நரம்பு பாதிக்கப்பட்டு ரூட் கெனால் வரை போகலாம். அதனால் தயங்காமல் கேளுங்கள்: முன்பக்கத்தை மட்டும் தேய்ப்பீர்களா, பின்பக்கத்தையும் தொடுவீர்களா? எத்தனை மி.மீ.? ஓரங்கள் எனாமலிலேயே முடியுமா? நல்ல மருத்துவருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். அழகு நிலையங்களில் மருத்துவர் அல்லாதவர்கள் வெனீர் ஒட்டுவதாகச் சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தேய்க்காமலே ஒட்டும் வெனீர் என்ற விளம்பரத்தையும் பார்த்திருப்பீர்கள். சின்னப் பற்களுக்கும் இடைவெளி உள்ளவர்களுக்கும் அது உண்மையாகவே சரிவரும். சாதாரண அளவுப் பல்லில் ஒட்டினால் பல் முன்னால் தள்ளித் தடித்துத் தெரியும், ஈறோரத்தில் அழுக்கு தங்கும்.

வயதுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு வெனீர் 15 வருடம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், 28-இல் போட்டது 43-இல் மாற வேண்டும், மறுபடி 58-இல், மறுபடி 73-இல். ஒவ்வொரு முறையும் பழையதைத் துளைத்து எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் பல் போகும். அதை எட்டால் பெருக்குங்கள். ஒருவேளை இரண்டே பல்லுக்குச் செய்தால் போதும் என்றால் இந்தச் சுமை நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. ஒற்றைப் பல்லுக்கு மட்டும் வெனீர் செய்து பக்கத்துப் பல்லோடு நிறத்தை ஒத்துப்போக வைப்பது லேபுக்கு மிகக் கடினமான வேலை, அதனால் இரண்டாகச் செய்யச் சொல்வதில் நியாயம் இருக்கலாம். எட்டு என்பதற்கு என்ன காரணம் என்று ஒவ்வொரு பல்லாகச் சுட்டிக் கேளுங்கள். சிரிக்கும்போது வெளியே தெரிகிறது என்பது மட்டுமே காரணம் என்றால் எனக்கு அது போதாது.

இவ்வளவையும் தாண்டி வெனீர்தான் என்று முடிவானால், ஒரு சோதனை இல்லாமல் பல்லில் கருவி வைக்க விடாதீர்கள். உங்கள் பல்லின் மாதிரியில் மெழுகாலோ கம்ப்யூட்டரிலோ புதிய வடிவத்தை அமைத்து, அதிலிருந்து எடுத்த அச்சைக் கொண்டு தற்காலிகப் பிசினை உங்கள் பல்லின் மேலேயே போட்டுக் காட்டுவார்கள். மாக்-அப் என்பார்கள். எதையும் தேய்க்காமலே உங்கள் புதிய சிரிப்பை உங்கள் முகத்தில் பார்க்கலாம். கண்ணாடியில் பார்த்தால் மட்டும் போதாது. பேசுங்கள். மேல்பல்லின் விளிம்பு கீழுதட்டில் படும் 'வ', 'ஃப' ஒலிகள் இடறுகின்றனவா என்று கவனியுங்கள், இடறினால் பல் நீளம் அதிகம். பேசிச் சிரிப்பதை வீடியோ எடுத்து வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். முடிந்தால் அதோடு வீட்டுக்குப் போய்வர அனுமதி கேளுங்கள். நிறையப் பேர் இந்தக் கட்டத்தில்தான் தங்களுக்கு வேண்டியது இவ்வளவு வெள்ளையும் இவ்வளவு நீளமும் இல்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். மாக்-அப் சரியாக வந்த பிறகும் மனசு நிறையாமல், அடுத்தவர் கண்ணுக்கே தெரியாத ஒரு குறையைத் தேடித்தேடி வேதனைப்படுகிறீர்கள் என்றால் அவசரப்படாதீர்கள். அந்த வேதனை உண்மையானது, மனநல ஆலோசகர் ஒருவரிடம் பேசினால் பீங்கானைவிட அது அதிகம் உதவும்.

பராமரிப்பு பெரிய கஷ்டமில்லை. இரண்டு வேளை பல் துலக்குவது, பல்லிடுக்கில் ஃபிளாஸ், சொரசொரப்பான வெண்மைப் பற்பசைகளைத் தவிர்ப்பது. பீங்கானுக்குச் சொத்தை வராது, அதன் ஓரத்தில் இருக்கும் உங்கள் பல்லுக்கு வரும். புளோரைடு சிகிச்சை எடுக்கும்போது வெனீர் இருப்பதைச் சொல்லுங்கள். அமிலத்தன்மையுள்ள புளோரைடு ஜெல் பீங்கானின் பளபளப்பை அரித்துவிடும், நடுநிலையானதைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் சொல்லும் வரிசை இதுதான். அடிபட்ட பல்லுக்கு எக்ஸ்ரேயும் நரம்புச் சோதனையும், கூடவே ஈறுப் பரிசோதனையும் கடிப் பரிசோதனையும். நைட் கார்டுக்கு அளவு. கிளீனிங், அப்புறம் பிளீச்சிங், இரண்டு வார இடைவெளி. பிறகு உடைந்த ஓரத்துக்கும் நடு இடைவெளிக்கும் கம்போசிட். அதோடு ஒரு வருடம் இருந்து பாருங்கள். அதன் பிறகும் அந்த இரண்டு பற்கள் உறுத்திக்கொண்டே இருந்து, நைட் கார்டும் பழகிப்போயிருந்தால், இரண்டு வெனீருக்கு மாக்-அப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சொன்ன மருத்துவரையே விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்த வரிசையை அவரிடமே சொல்லிப் பாருங்கள். பற்கடியைப் பற்றி அவர் என்ன கேட்கிறார், எவ்வளவு நேரம் எடுத்துப் பார்க்கிறார் என்பதிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும், அவர் நாற்காலியில் மறுபடி உட்காரலாமா என்று.